எட்டாக மடித்த தாளும் என் வலது கண்ணும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் சொல்லச் சொல்ல, தங்கள் தங்கை தன் கைப்பட எழுதுவது. உறையின் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, தங்கச்சி எழுதியிருக்கிறாள் என்று தாங்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். கை மட்டும்தான் அவளுடையது. வார்த்தைகள் அத்தனையும் என்னுடையவை. எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதாக அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

இங்கே இடது பக்கம் எல்லாம் நலம். வலது பக்கம் உச்சந்தலையிலிருந்து மூக்கு நுனி வரை நலமில்லை. அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் இரண்டு பக்கமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருவதாக அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். தாங்கள் நேராகப் போன் பண்ணினால் தங்கள் தங்கை எடுப்பதில்லை என்று அக்கா மிகவும் வருத்தப்பட்டார்களாம். எடுக்க மாட்டாள். பதினேழு நாளாக எடுக்கவில்லை. காரணம் என்னவென்று தங்களுக்குத் தெரியவே தெரியாதாம். அதைத் தெரிய வைக்கத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வேறு எங்காவது போய்க்கொள்ளலாம். இந்த வீட்டுப் பக்கம் வர வேண்டாம்.

முதலில் தங்களுக்குக் குடும்பத்தில் வழங்கும் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக இருந்து, ஊரிலுள்ள டாக்டர்களின் அறை வாசலில் எல்லாம் தோல்பையோடு காத்துக் கிடந்து, கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்த வைத்தியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டதால் தங்களுக்குப் 'பாதி டாக்டர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். அன்றைக்கு வேடிக்கைக்கு வைத்தேன். எந்தப் பாதி என்று அப்போதே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை தங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன் இரண்டு நாளாகவே எனக்கு வலது புருவத்துக்கு மேலே ஒரு காந்தல். யாரோ சூடான இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே கொண்டுவந்து கொண்டுவந்து எடுப்பது மாதிரி. திங்கட்கிழமை காலையில் நாலைந்து சிவப்புத் தடிப்பு. சாயங்காலம் தாங்கள் வந்தீர்கள். டீ குடித்துவிட்டு, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தங்கள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "பூச்சிக்கடி மாப்பிள்ளை. சொறிஞ்சு விட்டிருக்கீங்க, சீழ் வைக்கப் பாக்குது. அஞ்சு நாள் இதப் போடுங்க" என்று பையிலிருந்து ஒரு அட்டை கேப்ஸ்யூல் எடுத்துக் கொடுத்தீர்கள். ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது, இன்னும் அந்தப் பையும் தீரவில்லை, மாதிரி மருந்தும் தீரவில்லை. ஆன்டிபயாடிக், பாதி சிவப்பு, பாதி கறுப்பு. காலாவதியாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அட்டையின் பின்னால் 'விற்பனைக்கு அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எழுத்தில் பிழை ஏதும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் கேப்ஸ்யூலை விழுங்கினேன்.

என் தொழில் என்னவென்று தாங்கள் அறிவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், என் அவமானத்தில் பெரும் பங்கு அதில்தான் இருக்கிறது. மருந்துப் பெட்டியைத் திறந்தால் எட்டாக மடித்த மெல்லிய தாள் ஒன்று இருக்குமே, எல்லோரும் மாத்திரையை எடுத்துக்கொண்டு கசக்கி எறிவார்களே, அந்தத் தாளை அச்சடிக்கும் அச்சகத்தில் இருபத்து மூன்று வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். உலகத்திலேயே அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் நான்தான் என்று விருந்தாளிகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு. ஆனால் நான் படிக்கும் முறை வேறு. கடைசி வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் வரியின் முதல் சொல்லில் முடிப்பேன். நேராகப் படித்தால் பொருள் புரிந்துவிடும். பொருள் புரிந்தால் கண் அதன் பின்னாலேயே ஓடும், எழுத்துப் பிழை நழுவிவிடும். அதனால் பொருளை நான் வாசலோடு நிறுத்திவிடுவேன். தாங்கள் கொடுத்தீர்களே அதே கேப்ஸ்யூல், அதன் தாள் வருடத்துக்கு நாலு தடவை எங்களிடம் அச்சுக்கு வரும். பதினோராவது வரியில் 'இம்மருந்து வைரஸால் வரும் நோய்களைக் குணப்படுத்தாது' என்று இருக்கிறது. குணப்படுத்தாது, நோய்களை, வரும், வைரஸால், இம்மருந்து என்று தொண்ணூறு தடவையாவது நான் அதைப் படித்திருக்கிறேன். ஒரு தடவை அந்த வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் பாராட்டுக்கூட வாங்கினேன்.

ஆக, தொண்ணூறு தடவை படித்தவன் அதை விழுங்கினேன். அந்த வாரம் அச்சகத்தில் தலைபோகிற வேலை, லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. செவ்வாய்க்கிழமை தடிப்பெல்லாம் கொப்புளமாயிற்று. புதன்கிழமை கொப்புளத்தின் மேல் கொப்புளம். நெற்றியின் நடுவில் கோடு கிழித்த மாதிரி வலது பாதி மட்டும் வெந்து கிடக்க, இடது பாதி எதுவும் நடக்காதது போல் பளபளவென்று இருந்தது. மெஷின் ஓட்டுகிறவர் என் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, யாரிடம் சார் அடி வாங்கினீர்கள் என்றார். பைண்டிங் பகுதிப் பெண்கள் என் இடது பக்கமாக வந்து பேசிவிட்டுப் போனார்கள். நான் வேளை தவறாமல் கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு, சீழ் வைக்காமல் தப்பித்தோம் என்று தங்களை மனதுக்குள் வாழ்த்திக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வலது கண் திறக்கவில்லை. தங்கள் தங்கை வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துத் திறந்துவிட்டாள். உள்ளே பார்த்தவள் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புங்க" என்றாள்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவுக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். மூக்கு நுனியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. மூக்கு நுனிக்குப் போகிற நரம்பும் கண்ணுக்குப் போகிற நரம்பும் ஒரே கிளையாம். எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். ஐந்து என்றேன். முதல் மூன்று நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்றார். என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்றார். அட்டையை நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் மெதுவாக வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது அக்கி, சின்ன வயதில் உங்களுக்கு அம்மை வந்திருக்குமே என்றார். எட்டு வயதில் வந்தது. அம்மை இறங்கிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அது இறங்கிப் போய் நரம்பின் வேரில் படுத்துக்கொண்டதாம். நாற்பத்தொன்பது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இப்போது எழுந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு கண் வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. தங்கள் மேல் வர வேண்டிய கோபம் அந்த நேரத்தில் எதிரே இருந்தவர் மேல் வந்தது. எங்கள் அச்சகத்திலேயே பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கு அலமாரி நிறையத் தாள் இருக்கிறது, வைரஸுக்கு என்று தேடினால் ஒரு கோப்பு கூட நிறையாது, இத்தனை வருடமாக நீங்களெல்லாம் என்னதான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். இருந்தும் அவர் நாற்காலியை என் இடது கண் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார்.

"பாக்டீரியா தனிக்குடித்தனம் சார். அதுக்குன்னு ஒரு சுவர் இருக்கு, அடுப்பு இருக்கு. அந்தச் சுவரை இடிச்சா அது செத்துப்போகும். நம்ம செல்லுக்கு அந்த மாதிரி சுவரே கிடையாது, அதனால நமக்கு ஒண்ணும் ஆகாது. வைரஸுக்குச் சுவரும் இல்ல, அடுப்பும் இல்ல. உங்க செல்லுக்குள்ள நுழைஞ்சு, உங்க செல்ல வச்சே தன்னைச் செஞ்சுக்குது. நான் எதை இடிக்கிறது? உங்களைத்தான் இடிக்கணும்."

எனக்கு அது அச்சகத்துக் கணக்கில்தான் விளங்கியது. ஒருவன் கையில் ஒரே ஒரு அச்சுத் தகட்டோடு எங்கள் அச்சகத்துக்குள் நுழைகிறான். மெஷின் எங்களுடையது, காகிதம் எங்களுடையது, மை எங்களுடையது, ஓட்டுகிறவரும் எங்கள் ஆள். அடித்துத் தள்ளுவது மட்டும் அவனுடைய நோட்டீஸ். அவனை நிறுத்த வேண்டுமென்று மெஷினில் மண்ணைப் போட்டால் நாளையிலிருந்து எங்களுக்கே பிழைப்பு இல்லை. (இந்த இடத்தில் தங்கள் தங்கை, அண்ணனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறாள். எழுது, முப்பது வருடம் மருந்து விற்றவருக்கு இது தெரிந்திருந்ததா என்று பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.) அப்படியானால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. எங்களிடம் இல்லாத சின்னக் கருவி ஏதாவது ஒன்றைத் தன்னோடு கொண்டுவருவான். அதைத் தேடிக் கண்டுபிடித்து அதில் மட்டும் ஆப்பு வைக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வைரஸும் கொண்டுவருவது ஒவ்வொரு தினுசு. ஒன்றுக்குச் செய்த ஆப்பு பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தங்கள் பையில் இருப்பது போல் ஊருக்கெல்லாம் ஒரே கேப்ஸ்யூல் என்பது இங்கே நடக்கிற காரியம் இல்லை.

அந்த ஆப்பும் இனிமேல் அடிக்கப்போவதைத்தான் நிறுத்தும். அடித்து வெளியே போனதைத் திரும்ப அழைக்க முடியாது. கொப்புளம் நம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் உள்ளே அச்சு மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும், நாள் போகப் போக மருந்துக்கு வேலை குறைந்துகொண்டே வரும், அதனால்தான் மூன்று நாள் கணக்கு என்றார். பிந்தினாலும் கண் என்பதால் கொடுத்துப் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். அடியோடு ஒழித்துவிட முடியாதா என்று கேட்டேன். அது மறுபடி வேருக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும், சும்மா படுத்திருப்பதை இந்த மருந்து தொடாது, வேலை செய்யும்போதுதான் பிடிக்கும் என்றார். கண்ணில் இருக்கும் கலக்கத்தில் பாதி, வந்த நோயை விரட்டுவதற்காக என் உடம்பே செய்த ரகளை என்றும் சொன்னார். வெளியாள் செய்வதைவிடச் சொந்தக்காரர்கள் உதவிக்கு வந்து செய்வதுதான் அதிகம் என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல.

சளிக்காய்ச்சல் வகையறா இன்னும் மோசமாம். அவற்றின் பிரதிகளில் பிழை மலிந்து கிடக்குமாம், திருத்துவதற்கு ஆளே கிடையாதாம். அப்படித் தப்பும் தவறுமாக வந்த பிரதிகளில் ஏதோ ஒன்று மருந்துக்குப் பிடிபடாமல் தப்பித்து, அதுவே அடுத்த வருடம் ஊரை ஆள்கிறதாம். பிழை திருத்துகிறவர் இல்லாமல் ஒரு தொழில் இவ்வளவு செழிப்பாக நடப்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். எங்கள் மேனேஜர் காதில் இது விழாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது அந்த வகை இல்லை சார், இது ஓரளவு ஒழுங்காக அச்சடிக்கிற வகை என்று டாக்டர் அம்மா ஆறுதல் சொன்னார்.

ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினோம். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானை விடப் பெரியது. வழக்கம் போல் தாளை எடுத்துப் பிரித்தேன். அடியில் எங்கள் அச்சகத்தின் எண். அதற்குப் பக்கத்தில் படித்துச் சரிபார்த்தவரின் எண். என் எண்தான். தங்கள் தங்கை தாளைப் பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் நின்றுகொண்டு, இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு மருந்துத் தாளை மேலிருந்து கீழாக, எல்லோரையும் போல, இடது கண்ணால் படித்தேன். முகத்தில் ஒரு பக்கமாக மட்டும் வரும் கொப்புளம், வருவதற்கு முன்பே எரிச்சல், தடிப்புக் கண்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கவும். எழுபத்திரண்டு மணி நேரம் என்பது தடித்த எழுத்தில் இருந்தது. தடித்த எழுத்து என்பதால், எல்லா எழுத்தும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று நான் பார்த்திருப்பேன்.

அந்த வராந்தாவில்தான் தங்கள் தங்கை என்னைக் கேட்டாள்: "கேப்ஸ்யூலக் குடுத்துட்டுப் போனாரே, அதுக்கப்புறம் எப்படி இருக்குன்னு அண்ணன் ஒரு போன் கூடவா பண்ணல?" பண்ணவில்லை என்றேன். அன்றிலிருந்துதான் தங்கள் போனை எடுப்பதில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்து ஆளாக்கினவர் தாங்கள். ஒரு அட்டை மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தங்கச்சி புருஷன் இருக்கிறானா போனானா என்று கேட்க ஒரு போன் கூடப் பண்ணாத மனிதர் அவர் என்று நம்புவதற்கு அவளுக்குச் சிரமமாக இருந்திருக்கும். ஆனால் நம்பிவிட்டாள். (இந்த வரியை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டாள். எழுது என்றேன். எழுதிவிட்டாள்.)

இப்போது வீட்டு நிலவரம். ஒரு கண்ணால் பார்த்தால் எது கிட்ட, எது எட்ட என்று தெரியாது என்பதைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். டீயைக் கோப்பைக்கு அந்தப் பக்கம் ஊற்றுகிறேன். பார்க்க வந்த மேனேஜர் கை நீட்டினார். நான் அதற்கு முன்னாலேயே காற்றைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் பெருந்தன்மையாகத் தன் கையை நகர்த்தி என் கைக்குள் கொண்டுவந்து வைத்தார். அவசரமே இல்லை, நிதானமாக வாருங்கள் சார் என்றார். அந்த மனிதர் இதுவரை எந்த வேலைக்கும் அவசரமில்லை என்று சொன்னதே கிடையாது. வலது கண்ணில் சும்மாவே தண்ணீர் கொட்டுவதால், பார்க்க வருகிறவர்கள் நான் உருகி அழுவதாக நினைத்து அவர்களும் அழுகிறார்கள். நான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. கொப்புளம் ஆறிவிட்டது, வலி ஆறவில்லை. மின்விசிறிக் காற்று பட்டால் வலி, சீப்பு பட்டால் வலி, சட்டையைத் தலைவழியாகக் கழற்றினால் உயிர் போகிறது. நரம்பு பழுதாகிவிட்டதாம், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்குமாம். மாடி வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தினமும் இறங்கி வந்து, இதைவிட மோசமானவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார். நேற்று, இரண்டு கண்ணும் போன ஒருவர் எவ்வளவு உற்சாகமாக இருக்கிறார் என்று சொன்னார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கருவிழியில் ஒரு புகை படிந்திருக்கிறது. சொட்டு மருந்து விட்டு வருகிறோம். வருகிற வெள்ளிக்கிழமை டாக்டர் அம்மா பார்த்துச் சொல்வார். புகை கலைந்திருந்தால் சரி. கலையாவிட்டால் அது தழும்பாக நின்றுவிடும், இனி இந்தக் கண்ணுக்கு ஜன்னலும் கதவும் தெரியும், எழுத்து தெரியாது. எனக்கு வேறு வேலை தெரியாது. ஐம்பத்தேழு வயதில் ஒற்றைக் கண்ணோடு பிழை திருத்துகிறவனை எந்த அச்சகத்தில் சேர்த்துக்கொள்வார்கள்? வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பழைய தாள் ஒன்றைப் பின்னாலிருந்து படித்துப் பார்த்தேன். நாலு வரியில் தலை சுற்றுகிறது. பயமாக இருக்கிறது. இதைத் தங்களிடம் சொல்ல நான் விரும்பவில்லை, ஆனால் சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு இந்தச் சித்தப்பாவின்... தவறு, மாமாவின் ஆசிகள் (எனக்கு முறைகூடத் தடுமாறுகிறது, அதையும் தங்கள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளவும்). தாங்கள் எல்லா வளமும் பெற்று, பல்லாண்டு பல்லாண்டு, யாருக்கும் மருந்து கொடுக்காமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை விழுங்கிய
மாப்பிள்ளை

பி.கு.: இது என் சொந்தக் கையெழுத்து. வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை சொட்டு மருந்து வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அவள் எழுதி வைத்த தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். 'ஒரு போன் கூட' என்ற இடத்தில் பேனா அழுந்தித் தாளின் மறுபக்கம் புடைத்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் போன் பண்ணினீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அச்சகத்து நம்பருக்கு. "மாப்பிள்ளை, ராத்திரி பூரா யோசிச்சேன். ஒரு பக்கம் மட்டும் வந்திருக்கு, வர்றதுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்கு. நான் சொன்னது தப்பு. அது அக்கி. அந்தக் கேப்ஸ்யூல நிறுத்திட்டு இன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க" என்றீர்கள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. நான்தான், "காலைலயே பாத்துட்டேன் மச்சான், அவரும் அதத்தான் சொன்னாரு, மாத்திரை குடுத்துட்டாரு" என்றேன். உங்கள் தங்கை பயந்துவிடுவாள், அவளிடம் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். சரி என்றீர்கள்.

போன வருடம் ஒரு தாளில் அரை மில்லி என்று இருக்க வேண்டியது ஐந்து மில்லி என்று அச்சாகிவிட்டது. நான் பார்த்து அனுப்பிய தாள். அன்றிலிருந்து என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் இருந்தால்தான் மெஷினில் ஏற்றுவார்கள். வீட்டில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை. எனக்கு அக்கி வந்த அந்த வாரம்தான், புதுக் கம்பெனித் தாள் ஒன்றை நான் மட்டும் பார்த்து நான் மட்டும் கையெழுத்துப் போடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். லீவு போட்டால் அது கைமாறிவிடும். வியாழக்கிழமை சாயங்காலம், கண்ணில் நீர் வடிய வடிய, கையெழுத்துப் போட்டேன். பாத வெடிப்புக்குப் பூசும் களிம்பின் தாள். பிழை எதுவும் இல்லையாம்.

வராந்தாவில் அவள் கேட்டபோது பண்ணினார் என்று சொல்லியிருந்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதனால் பண்ணவில்லை என்று சொல்லிவிட்டேன். பதினேழு நாளாக, உங்கள் பெயர் போனில் தெரியும்போதெல்லாம் அவள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் நிற்கிறாள். நான் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கடிதம் எழுத உட்கார வைத்தேன். எதிரே அவள் உட்கார்ந்ததும் மேலே இருப்பதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் மச்சான். அதற்கு முன் வெள்ளிக்கிழமை டாக்டர் அம்மா என்ன சொன்னாலும் வாருங்கள்.

இந்தக் கடிதத்தை அவள்தான் உறையில் போட்டு ஒட்டுவாள். ஒட்டுவதற்கு முன்னால் முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். படிக்கட்டும்.